காப்பிக் களத்தில் ஆடுபுலி

காளியாயி: போட்ட கோட்டை அழிக்கச் சொல்றீங்களா, வாத்தியாரய்யா? வெள்ளனே குனிஞ்சவ இன்னும் நிமிரலை. காப்பி காயப்போடுற களம் முச்சூடும் சுண்ணாம்புக் கோடு போட்டு முடிச்சிருக்கேன்.

நாச்சிமுத்து: கோடு கெடக்கட்டும் தாயி. கடைசிக் காட்சியில நீ நிக்கிற எடம் மட்டும்தான் மாறுது.

காளியாயி: பொழுது சாய ஆட்டம். இப்பப் போயி மாத்துனா...

நாச்சிமுத்து: ஒரே ஒரு அடி. பெரிய புலி உறுமுனதும் நீ பக்கத்துல ஒதுங்கிக்கணும். அவ்வளவுதான் சோலி.

காளியாயி: நான் ஒதுங்குனா எனக்கு முன்னால ஆடா நிக்கிற பிச்சையம்மா மதினியப் புலி தாண்டிருமே.

நாச்சிமுத்து: தாண்டட்டும்.

காளியாயி: தாண்டுனா அவ செத்தா. ஆட்டு வளையம் ஒடஞ்சு போகும். புலி வெளிய வந்துரும்.

நாச்சிமுத்து: வரட்டும்.

காளியாயி: ... அய்யாவுக்கு மேலுக்குச் சொகமில்லையா?

நாச்சிமுத்து: சொகத்துக்கு என்ன. சொன்னதைச் செய்யி.

காளியாயி: ஆட்டுக்குப் பின்னால எடம் காலியாக் கெடந்தாத்தான் புலி தாண்டும். பின்னால இன்னொரு ஆடு நின்னுச்சுன்னா, உறுமிட்டுக் கெடக்க வேண்டியதுதான். பாறையில கரிக்கோடு கீறிக் கூழாங்கல்லு வச்சு விளையாடுற சின்னப் புள்ளைக்குத் தெரியும். எந்தக் கூறுகெட்ட ஆடு தானா ஒதுங்கும்?

நாச்சிமுத்து: அந்தப் பாறை விளையாட்டைத் தோட்டத்துத் தொரை பாத்து ஆசைப்பட்டு, இதைப் பாட்டும் கூத்துமா நாடகமாக்குன்னு என்னை ஆயக்குடியிலேருந்து கூப்பிட்டாருல்ல... அன்னைக்கே வரமாட்டேன்னு சொல்லியிருக்கணும்.

காளியாயி: ஏன், நல்லாத்தானே எழுதுனீங்க. ஆட்டுக்கு ஒரு விருத்தம், புலிக்கு ஒரு விருத்தம். நம்ம வேலுச்சாமி அண்ணன் 'மே'ன்னு கத்துறதைக்கூட ராகத்துல கத்த வச்சுட்டீங்க. அவரு இப்ப வீட்டுல சோறு கேக்குறதே ராகமாத்தான்.

நாச்சிமுத்து: நேத்து ஒத்திகையில நீ பாடுனியே. முப்பது வருசமா மேடை பாக்கிறேன், அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

'பின்னே ஒருவர் நிற்பா ராயின்
பெரும்புலி என்ன செய்யும்?
முன்னே நிற்பேன்; முகம்திரும் பேன்நான்;
முழக்கம் என்ன செய்யும்?'

காளியாயி: அந்தப் பாட்டு இருக்கா, அதுவும் போச்சா?

நாச்சிமுத்து: ... அதுவும் போச்சு.

காளியாயி: யாரு எடுத்தா?

நாச்சிமுத்து: மயில்சாமிக் கங்காணி. பெரிய புலியைச் சுத்தி நீங்க ரெண்டு வளையமா நின்னு அடைச்சப்ப, லயத்து வீட்டுச் சனம் கைதட்டுச்சே... அந்தத் தட்டு சரியில்லைன்னு அவருக்குத் தோணிருச்சு.

காளியாயி: சனம் தட்டத்தான் செய்யும். பெரிய புலி வேசம் கட்டுறதே அவருதானே. நாங்களா குடுத்தோம்? அவரே கேட்டு வாங்குன வேசம்.

நாச்சிமுத்து: மெதுவாப் பேசு. கோடைக்கானல்லேருந்து தொரைமாரு நாலு பேரு தொரைசாணிகளோட வர்றாங்க. எல்லாம் துப்பாக்கி எடுத்து வேட்டைக்குப் போறவங்க. ஆடு கூடிப் புலியை மடக்குறதைப் பாத்தா ரசிக்க மாட்டாங்களாம். புலி ஜெயிக்கணும்.

காளியாயி: நீங்க சரின்னுட்டீங்க.

நாச்சிமுத்து: பாட்டுல ஒரு அடியை மாத்தச் சொன்னதுக்காகப் பழனியில ஒரு நாடகக் கம்பெனி மொதலாளி வீட்டுச் சோத்துலேருந்து எந்திரிச்சு வந்தவன் நான். ஒரு சொல்லை உருவுனா அடுத்த சொல்லு சரிஞ்சு விழுற மாதிரித்தான் கட்டுவேன். இன்னைக்கு ஒரு மத்தியானத்துல பாட்டையே மாத்திட்டேன். போதுமா? ஒன் புருசனுக்காகத்தான் மாத்துனேன்.

காளியாயி: அவருக்காகவா?

நாச்சிமுத்து: தொரை மனசு குளுந்துச்சுன்னா, வத்தலக்குண்டு போலீசு டேசன்ல ஒரு வார்த்தை சொல்லி ஆண்டிச்சாமியை வெளிய விடச் சொல்லுவாருன்னு கங்காணி வாக்குக் குடுத்திருக்காருல்ல. அதை நெனச்சு ஒதுங்கு.

காளியாயி: ஒரு தடவை ஒதுங்குனவதான் அய்யா நானு.

நாச்சிமுத்து: என்ன சொல்றே?

காளியாயி: வெள்ளிக்கெழமை அரிசி அளக்குற எடத்துல, புழுத்த அரிசிய இனிமே வாங்கமாட்டோம்னு அவரு கங்காணி முன்னால போயி நின்னாருல்ல. கேக்கப் போகையில லயமே அவரு பின்னால நின்னுச்சு. கங்காணி தடியை ஓங்குனதும் அவரு திரும்பிப் பாத்தாரு. ஒரு ஆளு இல்லை. நானும்தான்... புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கதவுக்குப் பின்னால போயிட்டேன்.

நாச்சிமுத்து: கைப்பிள்ளைக்காரி வேற என்ன செய்வே.

காளியாயி: கதவுச் சந்து வழியாப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.

மயில்சாமி: என்ன வாத்தியாரே, ஆட்டுக்குப் பாடம் ஓதி முடிஞ்சுச்சா?

நாச்சிமுத்து: வாங்க கங்காணியாரே. இப்பத்தான் சொல்லிக்கிட்டு...

மயில்சாமி: வெரசா எனக்குப் புலிக்கோடு போட்டு விடும். தொரைமாரு காரு மலையேறிருச்சாம். ஏ புள்ளே, மஞ்சக் கொழைச்சியா?

காளியாயி: கொழைச்சு வச்சிருக்கேன் கங்காணி. கரிதான் பத்தாது.

மயில்சாமி: பத்தாதா? கோடு கொறஞ்சா பூனைம்பாங்கடி. போ, சிரட்டைக் கரி இடிச்சு எண்ணெய் விட்டுக் கொண்டா. ஆமா... ஒம் புருசன் நாளைக்கு வந்துருவான். கருவாட்டுக் கொழம்பு வச்சு வையி.

காளியாயி: சரிங்க.

மயில்சாமி: சரிங்கிறதைச் சிரிச்சுச் சொன்னா என்ன? ஆட்டத்துல இப்படி உம்முன்னு நின்னேன்னு வையி, தொரைசாணி மொகம் சுளிச்சுரும்.

காளியாயி: ஆட்டத்துல நல்லா இருப்பேன் கங்காணி. இந்தா, கரி எடுத்தாறேன்.

மயில்சாமி: ... போயிட்டாளா?

நாச்சிமுத்து: போயிட்டா. முதுகைக் காட்டுங்க. அசையாம நில்லுங்க, கோடு கோணுது.

மயில்சாமி: ஒதுங்குறேன்னாளா?

நாச்சிமுத்து: வாயைத் தொறந்து சொல்லலை. புருசன் வருவான்னு நம்புனா ஒதுங்குவா. ... கங்காணியாரே, ஒண்ணு கேக்கலாமா?

மயில்சாமி: கேளும். கையை நிறுத்தாமக் கேளும்.

நாச்சிமுத்து: ஒங்க வண்டிக்காரன் மத்தியானம் குடிச்சிட்டு வந்து எங்கிட்ட ஒளறுனான். ஆண்டிச்சாமி டேசனுக்கே போய்ச் சேரலைன்னு.

மயில்சாமி: அவனா சொன்னான்?

நாச்சிமுத்து: மூச்சை விடுங்க. முதுகு வெறைச்சுப் போச்சு.

மயில்சாமி: கூட்டிக்கிட்டுத்தான் போனோம். பாதி மலைகூட எறங்கலை, வண்டியிலேயே தலை சாஞ்சிருச்சு. நான் என்ன கொல்லணும்னா அடிச்சேன்? நாலு தட்டு. முன்னப்பின்ன அடி வாங்காத ஒடம்பு, தாங்கலை.

நாச்சிமுத்து: ஒடம்பு எங்க?

மயில்சாமி: ஓடைப் பள்ளத்துல தழையைப் போட்டு மூடியாச்சு. ஆட்டம் முடிஞ்சு தொரைமாரு காரேறட்டும். டேசன்ல அடிவாரத்துக் காய்ச்சல் கண்டு போயிட்டான்னு சொல்லிருவோம். அந்தக் காய்ச்சலை யாரு கேள்வி கேக்கப் போறா?

நாச்சிமுத்து: அதுவரைக்கும் அவ பொட்டு வச்சுக்கிட்டுப் பாடணும்.

மயில்சாமி: பாடணும். அவ பாட்டைச் சொல்லித்தான் தொரை இத்தனை பேரைக் கூட்டியாறாரு. ஓய், இது நமக்குள்ள. வெளிய போச்சுன்னா ஆயக்குடிக்கு ஒம்ம ஆர்மோனியப் பெட்டி மட்டும்தான் போய்ச்சேரும், தெரியுதா? ... வாலை இறுக்கிக் கட்டும், அவுந்து விழுந்துறப் போகுது.

நாச்சிமுத்து: கட்டியாச்சு.

மயில்சாமி: புதுப் பாட்டைச் சொல்லும், கேப்போம்.

நாச்சிமுத்து: 'வலியோர் காலடி நிழலே நமக்கு
வாழ்வென் றறிவோம், வாரீர்.'

மயில்சாமி: அது. இதை மொதல்லயே எழுதியிருந்தா எதுக்கு இத்தனை இம்சை?

காளியாயி: கரி கொண்டாந்துட்டேன்.

மயில்சாமி: குடு இப்படி. நெஞ்சுக்கும் மொகத்துக்கும் பங்களாக் கண்ணாடியில பாத்து நானே இழுத்துக்கிறேன். ஏ புள்ளே, எப்படி இருக்கு புலி?

காளியாயி: அசல் புலிதான் கங்காணி.

மயில்சாமி: கேட்டீராய்யா வாத்தியாரே. ஆடே சொல்லுது.

நாச்சிமுத்து: ... போயிட்டாரு. ஒக்காரு தாயி. புதுப் பாட்டைச் சொல்லித் தாறேன்.

காளியாயி: வரும்போதே காதுல விழுந்துச்சு. காலடி நிழலுங்கிறீங்களே... காலுக்கு அடியில நிழலா கெடக்கும்? மிதிபட்டதுதான் கெடக்கும்.

நாச்சிமுத்து: எழுதுன எனக்குத் தெரியாதா? வாயில வந்ததைப் பாடிட்டுப் போ. பொருளைத் தேடாதே.

காளியாயி: துண்டை இழுத்து இழுத்துப் போத்துறீங்களே.

நாச்சிமுத்து: மலைக் குளிரு. எனக்குப் பழக்கமில்லை.

காளியாயி: ஞாயித்துக்கெழமை அரிதாரம் வாங்க வத்தலக்குண்டுச் சந்தைக்குப் போனீங்கள்ல. டேசன் வழியாத்தானே போகணும்?

நாச்சிமுத்து: ... ஆமா.

காளியாயி: அவரைப் பாத்தீங்களா?

நாச்சிமுத்து: அது... பாத்தேன்.

காளியாயி: இத்தனை நாளாச் சொல்லலியே.

நாச்சிமுத்து: ஒத்திகையில நீ கலங்கிறக் கூடாதேன்னுதான்...

காளியாயி: எப்படி இருந்தாரு?

நாச்சிமுத்து: நல்லாத்தான். கம்பிக்குப் பின்னால குத்த வச்சிருந்தான். எந்திரிச்சுக் கும்பிட்டான்.

காளியாயி: தலையில அடிபட்டிருந்துச்சே, கட்டுப் போட்டிருந்தாங்களா?

நாச்சிமுத்து: போட்டிருந்தாங்க. காயம் ஆறிக்கிட்டு வருதாம்.

காளியாயி: சோறு?

நாச்சிமுத்து: ரெண்டு வேளை களி. போதும்னான்.

காளியாயி: போதும்னாரா... அவருக்கு எம்புட்டுப் போட்டாலும் காணாது. என்னையக் கேட்டாரா?

நாச்சிமுத்து: கேட்டான். புள்ளை எப்படி இருக்குன்னான். ஒன்னையப் பயப்படாமப் பாடச் சொன்னான்.

காளியாயி: ஒதுங்கச் சொன்னாரா?

நாச்சிமுத்து: ... சொன்னான்.

காளியாயி: அவரு வாயாலயா?

நாச்சிமுத்து: ஆமா தாயி. வம்பு வேண்டாம், கங்காணி சொல்றபடி காளியாயியை ஒதுங்கிக்கிறச் சொல்லுங்கன்னு... என் கையைப் பிடிச்சுச் சொன்னான்.

காளியாயி: கம்பி வழியாக் கையை நீட்டியா?

நாச்சிமுத்து: ஆமா.

காளியாயி: ... நீங்க நல்லாக் கட்டுறீங்க, அய்யா. ஒரு சொல்லு சரியலை.

நாச்சிமுத்து: எதுக்கு அப்படிப் பாக்கிறே?

காளியாயி: ஒண்ணுமில்லை. காரு சத்தம் கேக்குது. ஆடுகளை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தவா?

நாச்சிமுத்து: நில்லு. பதில் சொல்லிட்டுப் போ. எனக்கு நாடகமும் வேண்டாம், பேரும் வேண்டாம். நீ ஒதுங்காம நின்னு கங்காணி வெறி புடிச்சு அடிச்சான்னா, ஒம் புள்ளைக்கு யாரு இருக்கா? உசுரோட கெடக்கிறதுதான் பெருசு. ஒன்னையக் கும்பிட்டுக் கேக்கிறேன். ஒதுங்கிருவேல்ல?

காளியாயி: புள்ளைய இப்ராம்சா ராவுத்தரு வீட்டுல விட்டிருக்கேன்.

நாச்சிமுத்து: பூண்டு யாவாரி இப்ராம்சாவா? கோடைக்கானல் பஜார்ல இருக்கிற வீட்டுலயா? எதுக்கு அம்புட்டுத் தூரம்?

காளியாயி: அவரு சம்சாரம் ரஹ்மத் பீவி, எத்தனை நாளானாலும் வச்சுப் பாத்துக்கிறேன்னாங்க.

நாச்சிமுத்து: எத்தனை நாளானாலுமா... காளியாயி, நீ என்ன செய்யப் போறே? ஆண்டிச்சாமி நாளைக்கு வந்து கேட்டான்னா நான் என்ன சொல்றது?

காளியாயி: ராவுத்தரு மாட்டுல உப்புப் பொதி ஏத்திக்கிட்டு மலையேறி வந்தப்ப, ஓடைப் பள்ளத்துல நாய் கூடி நிக்கிறதைப் பாத்து எறங்கியிருக்காரு. தழைய விலக்கிப் பாத்து, தன் போர்வையில சுத்தி, பொதியோட பொதியாக் கொண்டாந்து எங்க கையில குடுத்தாரு. நேத்து கோழி கூப்பிட அவரைப் பலாத்தோப்புல பொதைச்சுட்டோம், அய்யா. பதினஞ்சு ஆடும் ஆளுக்கொரு கை மண்ணு போட்டோம். பொழுது சாய, கங்காணி தானா நடந்து வந்து நடுவுல நிப்பாரு. ஒருத்தரும் ஒதுங்க மாட்டோம். நீங்க பழைய பாட்டையே வாசிங்க. ஆர்மோனியப் பெட்டிய மட்டும் நிறுத்திறாதீங்க... வளையத்துக்குள்ளேருந்து வர்ற சத்தம் தொரைமாருக்குக் கேக்கக் கூடாது.