வலது தோள்

— அப்பாகிட்ட சொல்லிட்டியாம்மா?

— கத்தாத அபி. உங்கப்பா உள்ளதான் கட்டில்ல ஒக்காந்துகினு இருக்காரு. நான் அடுப்பாண்ட நின்னுகினு பேசறேன்.

— சொல்லாதம்மா. நெஞ்சுல அடைப்பு எடுத்து இன்னும் பதினஞ்சு நாளுகூட ஆவல. பெரியப்பா செத்துட்டாருன்னு கேட்டா தாங்குவாரா?

— தாங்குவாரோ இன்னாவோ. பதினோரு வருசமா மொகத்துல முழிக்காத அண்ணன் தம்பிங்க. சுப்புராயன்ற பேர எடுத்தாலே சோத்துத் தட்ட தள்ளி வெச்சுட்டு எழுந்துடுவாரு.

— பேசலன்னாலும் கூடப் பொறந்தவரு இல்லியா. ரிஷிவந்தியத்துல மூணு மணிக்கு எடுக்கறாங்களாம். நானும் அவரும் பஸ்ல வந்துகினு இருக்கோம். நம்ம வூட்டு சார்பா நாங்க தலையக் காட்டிக்கறோம். அப்பாவுக்கு பதினாறாம் நாளு முடிஞ்சப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்.

— அதுக்குள்ள எவனாவது வந்து சொல்லித் தொலைச்சான்னா? அதான் காலைலயே வாசக் கேட்டப் பூட்டிட்டேன்.

— அப்பா போனு?

— சத்தம் வராத மாதிரி பண்ணி அரிசி டிரம்முல போட்டு மூடிட்டேன்.

— சூப்பர்மா. சனிக்கிழம வழக்கமா இன்னா பண்ணுவியோ அதையே பண்ணு. சந்தேகம் வரக்கூடாது.

— அதான்டி எண்ணெ காய்ச்சறேன். மொதுகு தேய்ச்சு வுட்டா பத்து நிமிசத்துல கொறட்ட வுடுவாரு. எழுந்துக்கறதுக்குள்ள மூணு மணி தாண்டிடும்.

— எப்பிடியாவது தூங்க வெச்சுடும்மா.

— சரி, வெச்சுடறேன். எண்ணெ காஞ்சிடுச்சு.

*

— ஏங்க, சட்டையக் கழட்டுங்க. எண்ணெ எடுத்தாந்திருக்கேன்.

— இன்னாத்துக்கு?

— நல்லா கேட்டீங்க போங்க. சனிக்கிழமைங்க இன்னிக்கு. காப்பி குடிக்கறதுக்கு முன்னாலயே எண்ணெ எங்கடின்னு கேக்கற ஆளாச்சே நீங்க.

— எண்ணெ வேணாம் சுதா. வெறுங்கையால அமுக்கி வுடு, போதும்.

— நல்லெண்ணெங்க. ரெண்டு பல்லு பூண்டு தட்டிப் போட்டு, பதமா வெதுவெதுன்னு இருக்கு.

— தலைக்கு ஊத்துனா சளி புடிக்கும்.

— தலைக்கு யாரு ஊத்தச் சொன்னா? மொதுகுக்கு மட்டும்தான். குப்புறப் படுங்க.

— பெட்ஷீட்டெல்லாம் கறை ஆவும்.

— பழைய லுங்கிய விரிச்சுட்டுதான் கூப்புடறேன். கறையப் பத்தி என்னிக்கு கவலப்பட்டிருக்கீங்க நீங்க?

— வேணாம்னா வேணாம்டி. அந்தக் கிண்ணத்த ஜன்னல்ல வெய்யி.

— சரி சாமி, வெச்சுட்டேன். அதுக்கு இன்னாத்துக்கு இம்மாங் கோவம்? நெஞ்சுக்கு ஆவாது. படுங்க மொதல்ல.

— படுக்கல. ஒக்காந்துகினே இருக்கேன். நீ பின்னால வந்து தோளப் புடி. வலது பக்கம் மட்டும்.

— படுத்தாதானே ஒடம்பு தளரும்? கொஞ்சம் கண்ணசந்து எழுந்தா தெம்பா இருக்குமில்ல?

— தூக்கம் வரல. தோளப் புடி.

— ஏயப்பா! கல்லு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரி கட்டில்ல ஒரே பக்கமா படுத்துக் கெடந்தது, அப்பிடியே இறுகிப் போச்சு.

— அந்த எடந்தான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல. கட்டவெரல வெச்சு அமுக்கு.

— வலிக்குதாங்க?

— வலிக்கட்டும், நிறுத்தாத. மணி இன்னா ஆவுது?

— பன்னண்டு ஆவப் போவுது. மூணாவது தடவயா கேக்கறீங்க. எங்கயோ கலெக்டர் ஆபீசுக்குப் போறவராட்டம்.

— அப்ப நேரம் கெடக்குது.

— எதுக்கு நேரம்?

— நீ நல்லா அமுக்கறதுக்கு.

— நல்ல ஆளுங்க நீங்க. இங்க பாருங்க, இந்தக் காய்ப்பு இன்னும் போவல. கரும்புக் கட்டு தூக்கித் தூக்கி வந்ததுதானே?

— ஆமா. ஆலைக்கு டிராக்டரு ஏத்துவோம் இல்ல, அண்ணன் மேல நின்னுகினு வாங்குவான், நான் கீழேருந்து தூக்கிக் குடுப்பேன். ரெண்டு பேரா ஒரு டிப்பர ஏத்தியிருக்கோம்.

— இன்னிக்கு இன்னா புதுசா அந்தாளு நெனப்பு?

— அந்தாளுன்னு சொல்லாத.

— நீங்க சொல்றதத்தாங்க நானும் சொன்னேன்.

— நான் சொல்லுவேன். நீ சொல்லாத.

— சரிங்க, சொல்லல. கைய கொஞ்சம் மேல தூக்குங்க பாப்போம். இன்னும்... ம்ஹூம், காதுக்கு மேல வரவே மாட்டேங்குது.

— வரும். வர வெய்யி.

— எதுக்கு வரணும் இப்ப? நாத்தா நடப் போறீங்க? மெதுவா ஒரு மாசத்துல தானா வரும்.

— அன்னிக்கு நம்ம பங்குக் கெணத்து வால்வ அண்ணன் மூடுனான் பாரு, எத்தினி நாளு மூடுனான்?

— நாலு நாளு. இப்ப அது எதுக்குங்க?

— நாலு நாளுதான். அணையில வேற தண்ணி இல்ல. நம்ம கரும்பு காஞ்சுது, அடுத்த வருசம் மறுபடியும் வெளஞ்சுது. இந்த நாலு நாளுக்குப் பதினோரு வருசம்.

— தப்பு அவரு மேலதானே.

— மேலத்தெரு பூரா நின்னு வேடிக்க பாக்கறப்ப, அவன் வாசல்ல நின்னுகினு நான் இன்னா கத்துனேன், சொல்லு.

— வேணாம்ங்க. அதெல்லாம் கோவத்துல சொன்னது.

— நீ செத்தாக்கூட உன் வாசல மிதிக்க மாட்டன்டான்னேன். மண்ண வாரித் தூத்துனேன். நீதான் என் கையப் புடிச்சு இழுத்தாந்த.

— ஐயோ சாமி, இன்னாத்துக்கு இப்ப அத நெனைக்கறீங்க? கண்ண மூடுங்க. மூச்ச நல்லா இழுத்து வுடுங்க. வெறுங்கை புடிபடவே மாட்டேங்குது, ஒரே ஒரு சொட்டு எண்ணெ தொட்டுக்கறேன்...

— கைய எடு சுதா.

— மணிக்கட்ட வுடுங்க, வலிக்குது!

— காலைல வாசல்ல ஏன் கோலம் போடல?

— அது... இடுப்பு வலிங்க. குனிய முடியல.

— பெருமாளுக்கு வெளக்கு ஏத்தல. கல்யாணம் ஆன நாள்லேருந்து சனிக்கிழம வெளக்கு ஏத்தாம நீ காப்பித்தண்ணி குடிச்சு நான் பாத்ததில்ல.

— எண்ணெ தீந்துடுச்சு...

— கிண்ணம் நெறைய வெச்சுகினு எண்ணெ தீந்துடுச்சுன்ற.

— ஏங்க...

— நீ மாட்டுக் கொட்டாயில இருந்தப்ப மாத்திரை அலாரம் அடிச்சுது. எங்கடா அடிக்குதுன்னு பாத்தா, அரிசி டிரம்முல அடிக்குது. போன் பூரா மிஸ்டு கால். எல்லாம் நம்ம பங்காளி வூட்டு நம்பரு. நான் யாருக்கும் திருப்பிப் பேசல. அண்ணன ஆஸ்பத்திரில சேத்திருக்காங்கன்னு போன வாரமே பங்காளி தமிழரசன் சொன்னான். கேட்டும் கேக்காத மாதிரிதான் இருந்தேன்.

— தெரிஞ்சுகினேதான் சும்மா ஒக்காந்துகினு இருந்தீங்களா?

— கோலத்துக்கும் வெளக்குக்கும் தீட்டுப் பாக்கத் தெரிஞ்சவ, எண்ணெ மட்டும் காய்ச்சியாந்து நிக்கற. சாவு வூட்டுக்காரன் எவனாவது ஒடம்புல எண்ணெ வெப்பானா?

— தப்புதாங்க. பாவம்னு தெரிஞ்சுதான் காய்ச்சினேன். செத்தவரு செத்துட்டாரு, நீங்க எனக்கு வேணும்ங்க. பாண்டி ஆஸ்பத்திரி வராண்டாவுல மூணு நாளு நான் ஒக்காந்துகினு இருந்தது எனக்குத்தான் தெரியும்.

— தெரியும்டி. அதான் உன்ன வையல. எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?

— மூணு.

— ரிஷிவந்தியம்தானே? கடைசியா அவன் மருமவன் வூட்டுத் தெருவுலதான் இருந்தான்.

— ஆமாங்க. சரி, தெரிஞ்சு போச்சு, இனிமே மறைச்சு இன்னா ஆவப் போவுது. பக்கத்து வூட்டு பாரதிய வண்டி கொண்டாரச் சொல்றேன். தூரமா நின்னு மொகத்தப் பாத்துட்டு உடனே திரும்பிடணும், சொல்லிட்டேன். இந்தாங்க, சட்டையப் போடுங்க.

— சட்ட இருக்கட்டும். நீ இன்னும் தோள முடிக்கல.

— இனிமே இன்னாத்துக்குங்க தோளு?

— நான் மண்ண வாரித் தூத்துனேன் இல்ல, அதுக்கு அவன் இன்னா சொன்னான்னு உனக்குத் தெரியாது. நீ என்ன இழுத்து வுட்டுட்டு முன்னால போயிட்ட.

— இன்னா சொன்னாரு?

— 'வராம எங்கடா போயிடுவ? அப்பன் பாடைய எடுக்கறப்ப முன்னால நான் எடது தோளு குடுத்தேன், நீ வலது தோளு குடுத்த. என்ன எடுக்கறப்ப அந்த வலது தோளு வரும்டா'ன்னான்.

— ஐயோ... தண்ணிக் கொடம்கூட தூக்கக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாருங்க!

— வாசல் தாண்டற வரைக்கும்தான். நாலே அடி. அழுவாம அமுக்குடி சுதா, எங்கண்ணன் கனத்த ஆளு.