கம்பியின் மறுமுனை

ராத்திரி ஒன்றரை மணி. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போகும் அந்தச் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவன் என் நண்பனின் சித்தப்பா மகன்... யாரப்பா அது சிரிக்கிறது? டார்ச்சை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

அவனுக்கு ஹாம் ரேடியோ பைத்தியம், வீட்டிலிருந்தே கண்காணாத ஊர்க்காரர்களோடு பேசுவார்களே, அது. ஏரியல் என்று ஒரே ஒரு நீளக் கம்பி. ஒரு முனை அறைக்குள், பொருத்தும் பெட்டியில். மறுமுனை மொட்டைமாடிக் கம்பத்தில். கல்யாணம் மாதிரி இதற்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். மீட்டர் முள் ஒன்றுக்கு இறங்கினால் பொருத்தம். ஆனால் பேசுகிற ஸ்விட்சை அழுத்தும்போது மறுமுனையைத் தொட்டால் கை பொசுங்கிவிடும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கீழேயிருந்து இவன், "கைய எடுத்தாச்சா?" என்பான். மேலே கம்பியைக் கட்டும் அக்கா புருஷன், "எடுத்தாச்சு" என்பார். அப்புறம்தான் அழுத்துவது.

ஒரு நாள் இவனுக்கு அவசரம். ஹெட்போனில் எங்கோ ஒரு தூர தேசத்துக்காரன் குரல், தேய்ந்துகொண்டே போகிறது. "கைய எடுத்தாச்சா?" கேட்டான்... பதிலுக்கு நிற்கவில்லை. அழுத்தினான். முள் சட்டென்று ஒன்றுக்கு இறங்கியது. "ஆஹா!" என்றான். வெளியே தொப்பென்று ஒரு சத்தம்.

மாடியிலிருந்து கால் வழுக்கி விழுந்துதான் செத்தார் என்று அக்காவிடம் சொன்னான். பாவம், நம்பினாள். இவனுக்குச் சோறு போடுகிறவளும் அவள்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, இவனுக்கு அறுத்தது.

அதற்குப் பிறகு கம்பி பொருந்தவே இல்லை. வெட்டினான், நீட்டினான், பெட்டியை மாற்றினான்... முள் மூன்றிலேயே நின்றது. விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? முடியவில்லை. அன்றைக்குப் பொருந்தியது மறுமுனையை ஒரு கை பிடித்திருந்ததாலா? கை இல்லாமலும் ஒரே ஒரு தடவை அந்த முள் இறங்கிவிட்டால், தன் மேல் தப்பில்லை என்று நம்பிக்கொள்ளலாம். பாவி, அதற்காகத்தான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தான்.

ஷிப்ட் முடிந்து வந்தான் என்றேனே, அந்த ராத்திரியும் வந்ததும் ரேடியோ செட்டைப் போட்டான். ஹெட்போனில் உஸ்ஸென்று இரைச்சல். பழக்கதோஷம்... "கைய எடுத்தாச்சா?" என்று வாய் கேட்டது. அழுத்தினான்.

முள் ஒன்றுக்கு இறங்கியது.

சந்தோஷத்தில் அழுதே விட்டான். தப்பில்லை, என் மேல் தப்பில்லை! அப்போதுதான்... சன்னல் வழியாக அந்த வாடை வந்தது. தோல் பொசுங்கும் வாடை.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினான். யாரும் இல்லை. காற்றும் இல்லை. கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்தால், படியில் அக்கா நிற்கிறாள்.

"மேல யாருடா? 'இரு மச்சான், இன்னும் கைய எடுக்கல'ன்னு... அவர் குரல்டா அது."

அவள் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னாரா?"