பதினொன்றாம் எண் சீட்டு

காலை ஏழு மணிக்குப் பொதுச் சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜைத் திறந்து, டப்பா மூடிகளில் அறை எண் சீட்டுகள் நேராக ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது என் வழக்கம். கோணலாக இருந்தால் நகத்தால் மெல்லப் பெயர்த்து, நேராக்கி ஒட்டுவேன். யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒழுங்கு என் கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவுதான்.

வார்டன் அம்மா, நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆய்வு மாணவர் விடுதியின் மூன்றாம் மாடிக்கு நான் பொறுப்பு மாணவன். புதிதாக வருபவருக்குச் சாவியும் ஒரு நீலமூடி டப்பாவும் தந்து வரவேற்பது, சண்டையைத் தீர்ப்பது, இருபத்திரண்டு பேரையும் ஒரு வீட்டார்போல் பழகவைப்பது ஆகியவை என் கடமை. முதல் இரண்டும் எளியவை. மூன்றாவது கல்லில் நார் உரிக்கும் வேலை. சனிக்கிழமைதோறும் தேநீர் வைத்துப் பார்த்தேன். நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் நாற்காலி இரவல் கேட்க வந்தவர்.

ஒருநாள் சீட்டுகளை நேராக்கும்போது இரண்டைத் தவறுதலாக இடம் மாற்றி ஒட்டிவிட்டேன். டப்பாக்கள் எல்லாம் ஒரே அச்சு. எங்கள் மாடியில் எவரும் டப்பாவைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்பார்கள். ஏழாம் அறையின் வேதியியல் மாணவன், ‘அமிலம்’ என்று எல்லோராலும் அழைக்கப்படுபவன், பதினாறாம் அறை வரலாற்றக்காவின் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டான். ஓராண்டாக ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்க்காதவர்கள் அவர்கள்.

“உங்க சாப்பாடுன்னு தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்க மாட்டேன். அவ்வளவு உப்பு.”

“டப்பாவைக் கழுவாமலே பளபளன்னு நக்கி வச்சிருக்கே, நீ உப்பைப் பத்திப் பேசுறியா?”

சமையலறை சிரித்தது. இருவரும் ஒரு மணி நேரம் நின்றபடியே பேசினார்கள். நான் ஓரமாக நின்று கேட்டேன், நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்த வாரம் தெரிந்தே மாற்றினேன்.

பறவைகள் தனித்தனியே மேய்வதைக் கண்டு மனம் வருந்திய காகம் ஒன்று, “பருந்து வருகிறது” என்று கத்தியதாம். எல்லாம் ஒரே கிளையில் வந்து கூடின. காகத்துக்கு ஆனந்தம். என் மாடியிலும் அப்படித்தான். யாரோ தம் எண்ணை அடுத்தவர் டப்பாவில் ஒட்டி, ருசியானதைத் தின்கிறார் என்று பேச்சு எழுந்தது. அந்த யாரோவுக்குப் ‘பூனையார்’ என்று பெயரும் சூட்டினார்கள். முறை வைத்துக் காவல் இருந்தார்கள். வரலாற்றக்கா பூனையாரின் படையெடுப்புகளைக் காலவரிசைப்படி எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாதிருந்த மாடியில், யாருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்பதுவரை எல்லோருக்கும் அத்துபடியாயிற்று.

பதினொன்றாம் அறைக்காரர் ஒருவர் மட்டும் கூட்டத்தில் சேரவில்லை. கணித ஆய்வாளர், மௌனசாமி என்பது நாங்கள் வைத்த பெயர். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவருக்கு இருபது நாள்தான் இருந்தது. ஊர் கூடியிருக்க ஒருவரை மட்டும் வெளியே விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவருடைய சீட்டைப் பெயர்த்து, அமிலத்தின் டப்பாவில் ஒட்டினேன். அவசரத்தில் ஏழாம் எண் முழுதாகக் கிழிந்து வரவில்லை, அதன்மேலேயே ஒட்டினேன். மௌனசாமியின் டப்பா சீட்டின்றி நின்றது. சீட்டில்லாத டப்பாவைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. விதிப்படி காலி செய்து, கழுவிக் கவிழ்த்தேன்.

மதியம் அவர் ஏதோ சமன்பாட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சூழ்ந்துகொண்டார்கள்.

“சீட்டுல பதினொண்ணுன்னு போட்டிருக்கு,” என்றார் அவர்.

அமிலம் சீட்டின் ஓரத்தைத் தூக்கினான். அடியில் ஏழு. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

புகார் தங்களிடம் வந்ததும், என்னிடம் அன்று அறிக்கை கேட்டீர்கள். கண்டதை மட்டும் எழுதினேன்: ஏழின்மேல் பதினொன்று ஒட்டப்பட்டிருந்தது, டப்பா அவர் கையில் இருந்தது, அவருடைய சொந்த டப்பா ஃப்ரிட்ஜில் காணப்படவில்லை. அதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்யும்படி அவருக்குத் தாங்கள் ஆணையிட்டீர்கள். அவர் சமையலறைக்கு வருவதை நிறுத்தினார். பிஸ்கட் தின்று ஆய்வேடு எழுதினார். பிறகு எழுதுவதையும் நிறுத்தினார். மாடி மட்டும் கலகலப்பாகவே இருந்தது.

ஆறாம் நாள், பெட்டிகளை ஒட்ட டேப் கேட்டு என்னிடம் வந்தார்.

“அண்ணே, இந்த மாடியில நீங்க ஒருத்தர்தான் என்னை ஒரு வார்த்தை சொல்லல. நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அந்த நன்றிக்கு நான் உரியவனல்லன். டேப்பை அவர் கையில் கொடுத்தேன். நேரே சமையலறைக்குப் போய், இருந்த எல்லோரிடமும் உள்ளதைச் சொன்னேன்.

“பாலுக்குப் பூனையைக் காவல் வச்சிருக்கோம்,” என்றான் அமிலம்.

வரலாற்றக்கா சுவரிலிருந்த காலவரிசையைக் கிழித்துவிட்டு, பதினொன்றாம் அறைக் கதவைத் தட்டப் போனார்.

அன்றே தங்களிடம் வந்தேன்; தாங்கள் ஆணையை ரத்து செய்து, என்னை அறையைக் காலி செய்யச் சொன்னீர்கள். முறைதான். சாமான் கட்டுமுன் அவர் அறைக்குச் சென்று, ஒட்டிய ஒன்பது பெட்டிகளையும் என் கையால் பிரித்தேன். புத்தகங்களைத் துடைத்து அடுக்கினேன். அவர் கட்டிலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“அது மேல் தட்டு,” என்றார். பிறகு, “அது இல்ல, பக்கத்துல இருக்கிறது.”

கடைசிப் பெட்டி காலியாகும்வரை ஒன்பது வாக்கியங்கள் பேசினார். இரண்டாண்டுகளில் என்னிடம் அவர் பேசியதைவிட இது அதிகம். ஆகவே என் முறை முற்றிலும் தவறானதன்று என்பதை, எனக்குப் பின் வரும் பொறுப்பு மாணவருக்குப் பயன்படக்கூடும் என்ற நல்லெண்ணத்தில், இங்கே பணிவுடன் பதிவு செய்கிறேன்.