ஆள் வரவில்லை

— நாலாவது தடவையா வரேன்கா. செத்துப்போன தங்கச்சியோட ஃபைலைக் காட்டுங்கன்னா, இந்த ஒத்தத் தாளையே திரும்பத் திரும்ப நீட்டுறீங்க.

— இருந்தாத்தானே தம்பி காட்ட? இல்லாத ஃபைலுக்கு நான் என்ன முட்டையா போட முடியும்? "வாயு, மனப் பதற்றம். மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டது." ரெக்கார்டு ரூம்ல இருக்கறது இவ்வளவுதான்.

— இசிஜி?

— எடுக்கலை.

— நெஞ்சு வலின்னு வந்தவளுக்கா?

— தாடை வலி, முதுகு வலி, குமட்டல்னும் சொன்னதா இந்தத் தாள்லயே மேல எழுதியிருக்கு. வயசு முப்பத்திரெண்டு, பொம்பளப் புள்ள. வீட்ல ஏதும் சண்டையான்னு கேட்டிருப்பாங்க.

— போன வருஷம் நானும் நெஞ்சைப் பிடிச்சிட்டு இதே வாசல்லதான் வந்து நின்னேன். சண்டையான்னு என்னை ஒருத்தரும் கேக்கலையே! பத்து நிமிஷத்துல படுக்க வெச்சு ஒயரை ஒட்டினாங்க. மத்தியானத்துக்குள்ள ஸ்டென்ட். அதே டாக்டர்கா. எங்க ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தர்தான், அவரும் நெஞ்சு வலியிலதான் போனார்.

— என்கிட்ட கத்தி என்ன ஆகப்போகுது?

— நான் லிப்ட் மெக்கானிக். உள்ள மாட்டினவங்க பெல் அடிச்சா, அடிச்சது ஆம்பளையா பொம்பளையான்னு விசாரிச்சிட்டா ஓடுறோம்?

— அது சரி...

— மாத்திரை குடுத்தது பத்து மணிக்கு. உங்க கேட்டுக்கு வெளிய பஸ் ஸ்டாப்ல அவ விழுந்தது ஒரு மணிக்கு. நடுவுல மூணு மணி நேரம் இங்க என்ன பண்ணா? எனக்கு அது தெரிஞ்சாப் போதும்.

— உங்களுக்கு ஏதும் வாங்க நின்னாங்களோ என்னவோ. உங்க ஆஸ்பத்திரி அட்டையைக் குடுங்க, அதுல ஏதாவது இருக்கான்னு பாக்குறேன்.

— அது அவ பையிலயே போயிடுச்சு. மாசாமாசம் என் மாத்திரையை அவதானே வாங்கிட்டு வருவா. நம்பர் இந்தாங்க.

— ம்ம்... அதே தேதியில உங்க பேர்ல ஒரு இசிஜி சீட்டு இருக்கே. பதினொண்ணு இருபது. "ஆண், முப்பத்தி நாலு, நெஞ்சு வலி, அவசரம்."

— அன்னிக்கு நான் வெளியூர்ல வேலையில இருந்தேன்கா.

— கீழ எழுதியிருக்கு, "மூன்று முறை அழைத்தும் ஆள் வரவில்லை"ன்னு. ஐயோ தம்பி... இது என் கையெழுத்து. அன்னிக்கு டோக்கன் கவுன்டருக்கு ஆள் இல்லைன்னு என்னை உக்கார வெச்சிருந்தாங்க.

— யார் குடுத்தா அந்த அட்டையை?

— ஒரு பொண்ணு. தாடையைப் பிடிச்சிட்டே வந்துச்சு, பல்வலி போலன்னு நெனச்சேன். அண்ணனுக்கு நெஞ்சு வலின்னு சொல்லுச்சு. அஞ்சே நிமிஷத்துல உள்ள இருந்து கூப்பிட்டாங்க.

— கூப்பிட்டாங்களா?

— மூணு தடவை உங்க பேரைக் கூப்பிட்டாங்க தம்பி. மூணு தடவையும் அந்தப் பொண்ணுதான் எந்திரிச்சுச்சு. அது வாயைத் திறக்கறதுக்குள்ள, "நீ உக்காரும்மா, ஆள் வரட்டும்"னு நான்தான் சொன்னேன்.