சங்கரம்மாள் வளத்த செல்லு

இல்ல அண்ணாச்சி, டாக்டர்தான், ஆனா ஊசி போடுத டாக்டர் இல்ல. என் மக சங்கரம்மா பம்பாயில ஆராய்ச்சி பண்ணுதா. இலஞ்சியில எங்கூட நாத்துப் பறிச்ச பிள்ளதான். கேன்சர் இருக்குல்லா, அதப் பத்தி.

எனக்கு எங்க வெளங்கும். போன வருசம் அங்கன போனப்போ காட்டுனா. கண்ணாடிக் குப்பியில ரோஸ் கலர்ல தண்ணி. அடியில செல்லு ஒட்டிக் கிடக்குப்பா, உசுரோட இருக்குன்னா.

நம்ம ஒடம்புல செல்லெல்லாம் அதது நேரம் வந்தா செத்துரணுமாம். எப்ப வளரணும், எப்ப சாகணும்னு உத்தரவு போட உள்ள என்சைம்னு ஒண்ணு இருக்காம். கேன்சர் செல்லுல அது அடங்காம வளரு வளருன்னே சொல்லுதாம். செல்லு சாகாம பெருகிப் பெருகித்தான் ஆளு சாகுது. அந்த என்சைம மருந்து விட்டு அடக்கிட்டா, செல்லு தானாச் செத்துரும்னு இவ நம்புனா.

நாலு வருசம் அண்ணாச்சி. ரெண்டு நாளைக்கு ஒருக்க அந்தத் தண்ணிய மாத்தணுமாம், அதான் அதுக்குச் சாப்பாடு. வேற ஆள் கையில விட மாட்டா. அவ அம்மை வள்ளித்தாய் எண்பத்தி மூணாம் வருசம் தவறுனா. ஒரு திவசத்துக்கும் மக வரல. ஊரெல்லாம் பேசுனாவ. நானும் ஒருக்க ஏசிட்டேன், பெத்தவள விட அந்தக் குப்பி பெருசாட்டின்னு.

நேத்து ரைஸ்மில்லுக்குப் போன் போட்டா. மருந்து கேட்டுட்டுப்பா, எல்லாம் செத்துட்டுன்னா. நல்ல சேதிதானட்டி, ஏன் அழுதன்னு கேட்டேன். அதே செல்லுல கொஞ்சம் ஐஸ்ல எடுத்து வச்சிருந்தது முன்னமே கெட்டுட்டாம். இதான் கடைசிக் குப்பியாம்.

அப்பதான் சொல்லுதா. பம்பாயில ஆபரேசன் பண்ணி எடுத்தாவல்லா, வள்ளித்தாய் வயித்துக் கேன்சர் கட்டி, அதுல இருந்து வளத்ததாம். அம்மைகிட்ட கேட்டுத்தான் எடுத்தாளாம். எடுத்துக்கோட்டி, அப்பாட்ட மட்டும் சொல்லாத, தெரிஞ்சா ஊருக்குத் திரும்ப மாட்டாவ, குப்பி பக்கத்துலயே உக்காந்துக்கிடுவாவன்னாளாம்.

உக்காந்துதான் இருப்பேன்.

இன்னா, பஸ்ஸு ஐந்தருவி வந்துட்டு. கொஞ்சம் வழிவிடுங்க, எறங்குதேன். சீசன் இல்லன்னு தெரியும். ஓரத்துல ஒழுகுதது போதும். சாவு, துஷ்டின்னு சேதி கேட்டா குளிக்கணும்லா. மகளையும் அங்கன தலைக்குத் தண்ணி ஊத்தச் சொல்லியிருக்கேன்.