முள் பச்சையில் நிற்கிறது

— போன்ல சுருதி முள்ளு எங்கடா நிக்குது?

— பச்சையில நிக்குதுண்ணே.

— அசையாமலா?

— ஆணி அடிச்ச மாதிரி. முப்பது வருஷமா வீடு வீடாப் போய் கரண்டு மீட்டர் பார்த்தவன் நான். முள்ளைப் பத்தி என்கிட்ட சந்தேகம் கேக்காத.

— அப்ப கிட்டாரோட அஞ்சாவது கம்பி சரி. கேசட்டை ஓட்டு. முதல்ல அந்த ஒத்தைக் கம்பிதான் அடிக்கும், கூடவே நானும் அடிக்கிறேன்... நிறுத்து, நிறுத்து! என்னடா இது, ரெண்டும் சண்டைக்கு நிக்குது!

— அதத்தான் நானும் சொல்றேன். போனைக் கேசட்டுப் பக்கம் பிடிச்சா முள்ளு பச்சைக்கே வரமாட்டேங்குது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவுல நின்னு தவிக்குது.

— பெட்டி பழசு. மெதுவா சுத்துதோ என்னமோ.

— காலையிலதான் பெல்ட் மாத்தினேன். வேற கேசட் போட்டா சமத்தாப் பச்சைக்கு வருது. உன் கேசட்டுக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு.

— அது அந்தக் காலத்துச் சுருதிடா. அப்பல்லாம் காத்து கனமா இருக்கும். சுருதி ஒரு இம்மி கீழ இறங்கித்தான் நிக்கும்.

— அண்ணே, இந்த ரூம்ல நீயும் நானும்தான் இருக்கோம். யாருக்கு இந்தக் கதை?

— பழக்கதோஷம்.

— எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அஞ்சு மணிக்கு உன் பொண்ணு, மருமகன், சம்பந்தி எல்லாரும் வந்து கூடத்துல உட்காரப் போறாங்க. நீ விரலை ஆட்டப் போற. நான் அறுபது வயசுல அலமாரிக்குள்ள உட்கார்ந்து கேசட் ஓட்டப் போறேன். அப்புறம் கிட்டாருக்கு எதுக்குச் சுருதி?

— விரல் தவறிப் பட்டுடுச்சுன்னா? கேசட் ஒண்ணு சொல்ல, கம்பி வேற சொன்னா, உங்க அண்ணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்? கல்யாண நாளுன்னு பொண்ணு கிட்டாரை வாங்கிட்டு வந்து மடியில வச்சு, ‘அம்மாவை மயக்கின அந்தப் பாட்டை வாசிங்கப்பா’ங்கிறா. பெத்த பொண்ணே குழி வெட்டுறாடா.

— பேசாம உண்மையைச் சொல்லிடு.

— முப்பத்துநாலு வருஷம் கழிச்சா? அவ என்னைக் கட்டிக்கிட்டதே இந்தக் கேசட்டாலதான். பொண்ணு பார்த்துட்டு வந்து ஒரு வாரம் பதிலே இல்ல. நான் ரேடியோ ஆபீசுல குமாஸ்தா. போட்டிக்கு வந்து தேறாத கேசட்டெல்லாம் ஒரு பெட்டியில கிடக்கும். பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். மூணு நாள் சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து நாப்பது கேசட் கேட்டேன். இது ஒண்ணுக்குத்தான் கண்ணுல தண்ணி வந்துச்சு. சத்தியமா, இது கதை இல்லடா. ‘அடியேன் வாசித்தது’ன்னு எழுதி அவ வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாளே சம்மதம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

— சரி, நடுவுல ஒரு இருமல் வருதே, அது யாருன்னு சம்பந்தி கேட்டா?

— ஒலிப்பதிவு செஞ்சவர். என் வாசிப்புல உருகித் தொண்டை அடைச்சுக்கிச்சு.

— போன வருஷம் கப்பல் கேப்டன்னு சொன்ன.

— அவரும் கூட இருந்தாருன்னு வச்சுக்கோ.

— ரெண்டு பேரும் கதவைத் திறங்க.

— ஐயோ, அண்ணி! ஒண்ணுமில்ல அண்ணி, சும்மா மீட்டர் பார்த்துக்கிட்டு...

— ஆறு கம்பியையும் இறக்கணும் தம்பி. அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் கூடவே. அந்தப் போனை ஓரமா வைங்க, இதுக்கு அது ஆகாது.

— நீ... நீ என்னம்மா சொல்ற?

— இங்க குடுங்க. இப்படி... இன்னும் கொஞ்சம்... ம். இப்பக் கேசட்டைப் போடுங்க தம்பி.

— அண்ணே! ஒட்டிக்கிச்சுண்ணே! கோந்து போட்ட மாதிரி!

— அதை வாசிச்சவங்க வீட்டுல சுருதி பார்க்க எதுவும் கிடையாது. பழைய வீட்டு போன்ல ரிசீவரைத் தூக்கினா ‘உய்ங்’னு ஒரு சத்தம் வருமே, அதுக்குத்தான் அஞ்சாவது கம்பியைச் சேர்த்தாங்க. போன்காரங்க சங்கீதம் படிக்கல. அதான் கீழ நிக்குது.

— அது உனக்கு எப்படி...

— ரிசீவரைத் தோள்ல இடுக்கிக்கிட்டுத் திருகினா மூணு நாளைக்குக் கழுத்து வலிக்கும்.

— யாருக்கு?

— எனக்கு.

— அண்ணே! அண்ணே, உட்காரு! மூஞ்சி வெளுத்துப் போச்சே. கிட்டாரைப் பிடிங்க அண்ணி, நான் இவனைப் பிடிக்கிறேன்!

— அப்ப... அந்த இருமல்?

— எங்கப்பா. கல்யாணத்துக்கு அப்புறம் பத்து வருஷம் உங்க பக்கத்துலயே உட்கார்ந்து இருமினாரே, அப்பவுமா தெரியல?

— முப்பத்துநாலு வருஷம்... ஒரு வார்த்தை சொல்லலையேம்மா!

— சொல்லியிருந்தா கப்பல் கேப்டன் வந்திருப்பாரா? வெள்ளத்துல மரத்து மேல உட்கார்ந்து வாசிச்சேன்னீங்களே, அது வந்திருக்குமா? நான் சமையல்கட்டுல ஸ்டூல் மேல உட்கார்ந்து போட்ட மெட்டு. வருஷா வருஷம் அது எங்கெங்கயோ போய்ப் பிறந்துட்டு வந்துச்சு. எனக்கு நிறுத்த மனசு வரல.

— தெரிஞ்சும் எதுக்கு என்னைக் கட்டிக்கிட்ட?

— பெரிய பெரிய ஆளுங்க கேட்டுட்டு வேண்டாம்னு தள்ளினது. ஒருத்தர் திருடிட்டுப் போற அளவுக்கு அதை விரும்பியிருக்காரேன்னுதான்.

— அண்ணி, அப்ப அஞ்சு மணிக்கு?

— நான் வாசிக்கிறேன். அலமாரிக்குள்ள உங்க அண்ணனை உட்கார வைங்க.

— நான் நிஜமாவே அழுதேன்மா அன்னைக்கு. நாப்பது கேசட்டுல...

— தெரியும். நீங்க தம்பிகிட்டச் சொன்னதை இப்பக் கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். ‘தேறாத கேசட்டுகள் திருப்பி அனுப்பப்பட மாட்டா’ன்னு அந்தப் போட்டி விளம்பரத்துல கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. எனக்கு மட்டும் திரும்பி வந்துச்சு, கூடவே ஒரு மாப்பிள்ளையோட.