பாஜலுக்கு எடுத்துக் கொடுத்த அம்பு

தலைவரே, அம்பின் எடையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விரல்மேல் கிடத்திப் பார்க்கவேண்டும். இந்த ஊரில் அது எனக்குத்தான் கைவந்தது. வேட்டைக்குப் போகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள்.

மயிலுக்கும் முயலுக்கும் லேசான அம்பு. விர்ரென்று போகும், ஆழ இறங்காது. காட்டுப்பன்றியின் தோள் பலகை மாதிரி. மெதுவாகப் போனாலும் கனத்த அம்புதான் அதைத் துளைக்கும். லேசான அம்பு அதற்குக் கோபத்தைத்தான் மூட்டும்.

என் தங்கை சல்கேயின் புருஷன் பாஜலுக்கு இதெல்லாம் தெரியாது. தும்கா பக்கம் வயல்காட்டு ஊர்க்காரன். ஐந்து வருஷம் எங்கள் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து உழைப்பது, பிறகு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போவது என்று பேச்சு. அது உங்கள் முன்னால் பேசியதுதான். நல்லவன். அவளை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அவன் வந்தபிறகு அவள் சிரிப்பது தெருக்கோடிக்குக் கேட்கும். ஏழு வயதிலிருந்து அவளை வளர்த்தவன் நான். அவளுக்காகவே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை.

"அண்ணே, இலுப்பைப்பூ உதிர்ந்து முடிஞ்சதும் நாங்க கெளம்புறோம். அத்தை அங்க தனியா கெடக்கு. நீயும் வாயேன்" என்றாள், ஐந்து வருஷக் கெடு முடியும்போது. கடைசி வார்த்தையை மட்டும் என் முகத்தைப் பார்க்காமல், முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்.

வேட்டைநாள் காலையில் பாஜல் வந்தான். சாலமரக் காட்டில் பன்றித் தடம் பார்த்திருந்தார்கள்.

"மச்சான், வெறுங்கையோட திரும்புனா உன் தங்கச்சி என்னையே வெட்டிக் கொழம்பு வச்சிருவா. நல்லதா ஒண்ணு குடு."

மெல்லிய நாணல் அம்பை எடுத்துக் கொடுத்தேன். என்னைப்போலவே விரலில் கிடத்திப் பார்த்தான்.

"லேசா இருக்கே. பன்னிக்குப் போதுமா?"

"போதும்" என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான்.

பன்றி இருபதடி தூரத்தில் வெளியே வந்தது. அவன் குறி தப்பவில்லை. அம்பு தோளில் குத்தி ஆடிக்கொண்டு நின்றது. கூடப் போன நாங்களெல்லாம் மரமேறிவிட்டோம். அவன் மட்டும், பன்றி இதோ விழுந்துவிடும் என்று நின்றுகொண்டிருந்தான். நான் போதும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

பன்றி பாய்ந்து தொடை கிழிந்தவனை நான்தான் தோளில் போட்டுச் சுமந்தேன். வழியில் பேசினான்.

"குறி தப்பிருச்சு போல மச்சான். அவகிட்டச் சொல்லிறாத, சிரிப்பா."

ஓடையைத் தாண்டுமுன் உயிர் போய்விட்டது. அன்றைக்கு நான் அழுததை ஊரே பார்த்தது. அது பொய் அழுகை இல்லை.

இப்போது மருமகளைக் கூட்டிப்போக அவன் தாய் வந்திருக்கிறாள். சல்கே நான்கு மாதக் கர்ப்பத்தோடு மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். நாளைக்கு அவள் போகலாமா என்று நீங்கள்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும். போகக்கூடாது என்று சொல்லுங்கள். அதற்காகத்தான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அந்த ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள் தலைவரே? அவளுக்காக இவ்வளவு தூரம் செய்ய, என்னை விட்டால் வேறு யார் உண்டு?